முதல் பாகத்தைத் தாண்டாதவள்

காரைக்காலில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வாரப் பத்திரிகையில் வந்த ஒரு மாயாஜாலத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தேன். ஆறு பாகம்; முதல் பாகத்துக்கு மட்டும் இரண்டு பிரதி. கடல் கொண்டுபோன நாட்டை மீட்க அதன் கடைசி இளவரசி கிளம்பிப் போகும் கதை. ஆபீசில் யார் படிக்கக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். வாங்கிப் போனவர்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மந்திரவாதியை ஏன் உயிரோடு விட்டார்கள் என்று டீக்கடையில் என்னோடு சண்டை பிடிப்பார்கள். நானும் மழைக்காலம் வந்தால் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவேன்.

கல்யாணமான புதிதில் மனைவியிடமும் முதல் பாகத்தைக் கொடுத்தேன். கோவில்பத்தில் வாடகை வீடு. நான், அவள், என் அம்மா. அவள் நெடுங்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடிந்ததும் சமைத்து இறக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். சாயங்காலம் வந்ததும் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரிப்பாள்.

"எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்பேன்.

"இப்பத்தாங்க கோட்டை வாசலுக்கு வந்திருக்காங்க."

மறு வருஷமும் கோட்டை வாசல்தான். கேட்டால், "மறந்துபோச்சுங்க, திரும்ப முதல்லேருந்து படிக்கிறேன்" என்பாள். இப்படியே எண்பதுகள் வந்துவிட்டன. ஆபீசில் இரண்டு பேர் ஓய்வு பெறுவதற்குள் ஆறு பாகத்தையும் முடித்துவிட்டார்கள். இவள் கோட்டைக்குள் காலடி வைக்கவில்லை.

ஒரு கோடையில் எனக்கு மஞ்சள்காமாலை. கீழாநெல்லியும் மோருமாகக் கிடந்தேன். படிக்கப் போனால் கண் எரிந்தது. அவளுக்குப் பள்ளி விடுமுறை; வாசித்துக் காட்டச் சொன்னேன். சண்டைக் காட்சியைக் கூட வகுப்பில் ஆஜர் எடுப்பதுபோல வாசித்தாள். எனக்கும் உடம்பில் தெம்பில்லை. இளவரசி நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். அந்தக் கதை நீளம் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பட்டது.

"இவ எப்பங்க போய்ச் சேருவா?"

"ஆறாம் பாகத்துல."

அவள் பெருமூச்சு விட்டாள்.

"உனக்கு இந்தக் கதை பிடிக்கவே இல்லையா?"

"பிடிக்கலேன்னு இல்லீங்க. மனசு அதுல போவல." அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது மடியில இருந்தா அத்தை கூப்பிட மாட்டாங்க. இம்மாம் தடியா இருக்குல்ல, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. அந்த அரை மணி நேரந்தான் யாரும் என்னை ஒண்ணும் கேக்காம இருக்கறது. நீங்க மட்டுந்தான் கேப்பீங்க, எதுவரைக்கும் வந்திருக்கேன்னு."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டேன்; அவள் விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். அவள் வாசிப்பதை நிறுத்தியதும், சுவரில் சாய்ந்தபடியே அவள் தூங்கிப்போனதும் தெரிந்தது. எழுப்பவில்லை.

உடம்பு தேறி ஆபீசுக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு சாயங்காலம் அம்மா குரல் கொடுத்தாள். "மொளகா நல்லாக் காஞ்சு கெடக்கு. மில்லுக்கு யாரு போறது?"

"அவ படிக்கிறாம்மா. நான் போறேன்."

"நீயா? இப்பத்தான் எழுந்து நடமாடுறே. பரீட்சை அவ்வளவு முக்கியமா?"

"முக்கியந்தாம்மா."

மில்லில் கூட்டம். மிளகாய் நெடியில் எல்லோரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். நிற்க முடியாமல் ஒரு கோணி மூட்டைமேல் உட்கார்ந்தேன். ஆபீசில் புதிதாகச் சேர்ந்து, என்னிடம் புத்தகம் வாங்கிப் போயிருந்த ஒருவரும் அங்கே வந்திருந்தார்.

"சார், ஆறு பாகத்தையும் ரெண்டாந்தரமும் முடிச்சாச்சு. அதே மாதிரி வேற ஏதாவது சொல்லுங்களேன்."

மிளகாய் டின்னைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

"கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் படிக்காம இருங்களேன்" என்றேன்.

வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் முறை வந்தது. அரைத்த தூள் டின்னோடு கொதித்தது. சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்ட, அவரையே ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.