அரை இன்ச் ஸ்பேனர்

நோட்டுத்தாள் கிழிகிற வரை அழித்துவிட்டு, மகள் மறுபடியும் அதையே எழுதியிருந்தாள்: 1/2ஐவிட 3/8 பெரியது. அந்த 3/8ஐப் பார்த்ததும் எனக்குக் கிரீஸ் வாசனை அடித்தது.

நான் பள்ளியில் படித்த காலம். ஆரம்பாக்கம் வீட்டு வாசலில் அப்பா சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். கம்பெனி யூனிபாரத்தைக்கூட மாற்றவில்லை.

“அரை இன்ச்சு பத்தல, பெரிய ஸ்பேனரு எடுத்தாம்மா.”

3/8 என்று பொறித்திருந்ததைக் கொடுத்தேன். மூன்றும் எட்டும் பெரிய எண்கள்தானே.

“இது இன்னும் சின்னது. கைல புட்ச்சா தெரில?” என்று எரிந்து விழுந்தார்.

கைக்குத் தெரிந்தது. ஆனாலும் மறுநாள் பரீட்சையில் 3/8தான் பெரியது என்று எழுதினேன்.

இன்று அதே இரண்டு ஸ்பேனர்களையும் தேடியெடுத்து மகள் முன்னால் போட்டேன். எது பெரியது என்று கேட்டதும், தயங்காமல் அரை இன்ச்சைத் தொட்டாள்.

“அப்புறம் ஏன்டி இப்டி எழுதிக்கினு கீற?”

“அது ஸ்பேனரும்மா. இது கணக்கு.”