நந்தியாவட்டையைத் தொட்டவள்

நான் வேலை பார்க்கும் செங்கம் சாலை விடுதியில், இன்று காலை தோட்டவேலை பார்க்கும் செல்வியக்கா வாளித் தண்ணீரில் யூரியாவைக் கரைத்தபோது மூக்கில் ஏறிய காட்டமான வாடை, அடி அண்ணாமலையில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் வீட்டு வாசலுக்கே என்னை இழுத்துப்போனது.

அங்கே வருஷம் முழுக்கப் பச்சையாக நின்ற நந்தியாவட்டைக்கு அம்மா அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவாள். விடிந்ததும் காம்பில் வடியும் பால் விரலில் பிசுபிசுக்க நான் பூப்பறிப்பேன். அப்பா அதைக் கோயிலுக்குக் கொண்டுபோவார். மாதத்தில் மூன்று நாள் மட்டும் நான் அந்தப் பக்கம் போகக் கூடாது. தூரமானவள் தொட்டால் பூச்செடி பட்டுப்போகுமாம்.

ஒரு கார்த்திகையில், தீபத்துக்கு நிறையப் பூ வேண்டுமென்று, நெல்லுக்கு வாங்கிய யூரியாவை அப்பா கை கையாக அள்ளி வேரடியில் கொட்டினார். நான்காம் நாள் இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டது.

"தூரமா இருக்கும்போது செடிகிட்ட போனியா?" என்றார் என்னிடம். நான் போகவில்லை. அம்மாவுக்கும் அது தெரியும், வாய் திறக்கவில்லை. அதன்பின் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "இவ கை பட்டுதான் செடி போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் அப்பா.

"ஒரு ஸ்பூன்தான் போடறீங்களாக்கா?" என்று இன்று கேட்டேன்.

"ஜாஸ்தி போட்டா வேர் வெந்துடும்மா," என்றார் செல்வியக்கா. "பயிர் வெக்கிற யாருக்கும் இது தெரியுமே."

அப்பா சாகும்வரை நெல் பயிரிட்டவர்.