மூன்று பீட்டுக்கு ஒரு கார்டு

வன அலுவலகத்தில் நான் பார்த்தது எஸ்டாப்ளிஷ்மென்ட் சீட். யாருக்கு எந்த இடம், எங்கே ஆள் இல்லை என்பதெல்லாம் என் ஃபைல். பீட் என்பது ஒரு கார்டு, அதாவது வனக்காவலர், சுற்றிக் காவல் காக்க வேண்டிய காட்டுப் பகுதி. ஒரு கார்டு ரிட்டயர் ஆனால் அன்றே பக்கத்து பீட் கார்டுக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஆர்டர் டைப் அடித்துவிடுவேன். எங்கள் மாத அறிக்கையில் ஒரு பீட்கூடக் காலியாக இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்படி ஜெபராஜ் என்ற கார்டுக்கு மூன்று பீட் சேர்ந்தது. ஒருநாள் என் மேசை முன்னால் வந்து நின்றார்.

"எக்கா, ஒரு எடத்தயாவது காலின்னு எழுதுங்க. ஆளு இருக்குன்னு நீங்களே சொன்னா, மேல உள்ளவங்க எதுக்கு ஆளு தருவாங்க?"

"காலின்னு எழுதினா நம்ம ஆபீசரத்தான் கேப்பாங்க. புது பேட்ச் வாறது வர கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு தம்பி."

அவர் ரோந்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை, தனியாக ரோந்து போனவர் பாறையில் வழுக்கி ஓடைப் பள்ளத்தில் விழுந்தார். அங்கே சிக்னல் கிடையாது. ஒவ்வொரு பீட்டிலும் கேம்ப் ஷெட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு வாட்சர் உண்டு. கார்டைக் காணோம் என்றதும் மூன்று வாட்சர்களும் அவர் வேறு பீட்டில் இருப்பார் என்றே நினைத்தார்கள். மறுநாள் மதியம்தான் தேடப் போனார்கள். உயிர் இருந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

நாலாம் நாள் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"எக்கா, என் மூணு பீட்டுக்கும் யாரப் போட்டிருக்கிய?" என்று ஜெபராஜ் கேட்டார்.

பக்கத்து பீட் முருகனுக்கு. அவனுடையதோடு சேர்த்து நாலு. அன்று காலைதான் ஆர்டரை அடித்துக் கையெழுத்துக்கு வைத்துவிட்டு வந்திருந்தேன். "பக்கத்து பீட்..." என்று இழுத்தேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. "முருகன்கிட்ட சொல்லுங்க எக்கா, ஓடப் பக்கம் தனியா போகாண்டாம்னு."

அலுவலகம் திரும்பியதும் அந்த ஆர்டரை எடுத்துக் கிழித்தேன். மூன்று பீட்டுக்கும் ‘காலி’ என்று அடித்து ஆபீசர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா இது? நம்ம டிவிஷனுக்கு அசிங்கம் இல்லியா?"

"அசிங்கந்தான் சார். ஆனா உள்ளது இதுதான்" என்றேன். அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இந்த சீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆள் இல்லாத இடத்தில் ஆள் இருப்பதாக எழுதாதீர்கள். பல இடத்துக்கும் பேர் போட்ட ஒருவர் எங்கோ விழுந்து கிடந்தால், அவரைத் தேட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றாது.