சித்தப்பாவின் ஜப்பான்

கல்லூரியிலிருந்து ஜப்பான் போகும் மாணவர் குழுவில் என்னைச் சேர்த்திருந்தார்கள். செய்தி தெரிந்த அன்றே மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டுக்கு சித்தப்பா வந்துவிட்டார். காளவாசலில் நூல்மில் இயந்திரங்களுக்கு உதிரிபாகம் விற்பவர். இயந்திரம் பார்க்க ஒருமுறை ஒசாகா போய்வந்திருந்தார். விமானம், விடுதி, தொழிற்சாலை. அவர் பார்த்த ஜப்பான் அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் வருடக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைய என்கிட்ட விட்டுருங்கண்ணே. நான் தயார் பண்ணி அனுப்புறேன்" என்றார். அப்பா சரி என்றார். தம்பி பேச ஆரம்பித்தால் அப்பாவுக்கு வேறு வார்த்தை வராது.

மாலைதோறும் பாடம். செருப்பை வெளியே விட வேண்டும், தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பெரியவர்கள் முன் குனிய வேண்டும். பிறந்ததிலிருந்து நான் செய்துவருவதையெல்லாம் ஜப்பான் கலாச்சாரம் என்று எனக்கே கற்றுக்கொடுத்தார். என்னை முழங்கால் மடித்து உட்காரச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். மூங்கிலைச் சீவி இரண்டு குச்சி செய்து, அவற்றால் தயிர்சாதம் தின்ன வைத்தார். கால் மரத்துப்போய் நான் நெளிந்தால், "ஜப்பான்காரன் அனாவசியமா வாயத் தெறக்க மாட்டாம்மா" என்று தொடங்கி, இருட்டும்வரை பேசுவார்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், தமிழ் படிக்க மதுரைக்கு வந்திருந்த ஒரு ஜப்பான் மாணவரை எங்கிருந்தோ பிடித்து, ஸ்கூட்டரில் உட்காரவைத்து, வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தார். அந்த மாணவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, கையால் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். சித்தப்பா மூங்கில் குச்சிகளை இலையோரம் வைத்தார். "யூஸ் திஸ். யுவர் கல்ச்சர்."

"நன்றி ஐயா. ஆனால் ரசத்திற்கு இவை உதவமாட்டா" என்றார் அவர், புத்தகத் தமிழில்.

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். சித்தப்பா சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் அவரை எழுப்பி நிற்கவைத்து, எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டினார். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் சொன்னபடி குனிந்தார்.

விடைபெறும்போது அவர் என்னிடம் கேட்டார். "இப்போது அங்கே கடுங்குளிர். கம்பளி உடை வைத்திருக்கிறீர்களா?"

இல்லை என்றேன். குளிரைப் பற்றி சித்தப்பா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நான் போனப்ப வேர்த்து ஊத்துச்சு" என்றார் சித்தப்பா. அவர் போனது கோடையில். விருந்தாளியை அனுப்பிவிட்டு வந்து, "அவன் ஊர்ப் பழக்கமே அவனுக்குத் தெரியல. இவனெல்லாம் என்னத்தப் படிச்சான்?" என்றார். மறுநாள் அம்மா கடைகடையாக அலைந்து எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். நான் போய் இறங்கியபோது அங்கே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சித்தப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "ஜப்பான்ல வீடுன்னா எப்படித் தெரியுமா?" என்று அவரே ஆரம்பித்தார். நான் அங்கே ஒரு வீட்டில், ஒரு குடும்பத்தோடு தங்கிவிட்டு வந்திருந்தேன்.

"அப்படியில்ல சித்தப்பா, அங்க..."

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா இரு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அந்த வீட்டம்மா எப்படி, என்ன சமைத்துப் போட்டாள் என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன்.