படாவ் என்றதும் இறுகிய வளையங்கள்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாதவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டு, மதுரைப் பக்கத்திலிருந்து வெறும் கையோடு பூனே வந்து, தளேகாவில் சொந்தமாக ஷெட் போட்டவன். ரோஜா வேரை முடிச்சுப் போட்டுக் கொல்கிற நூற்புழுவைப் பிடித்துத் தின்னும் பூஞ்சையை வளர்த்து விற்கிறேன். வேட்டை நாய் மாதிரி ஒரு பூஞ்சை. நூலில் குட்டி குட்டி வளையம் போட்டு வைத்திருக்கும். புழு நுழைந்தால் சடாரென்று இறுகும். இறுகிய வளையம் திரும்பத் திறக்காது. படித்தவர்களே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது இது.

அந்த வருடம் கரண்ட் போய், விதைக்கு வைத்திருந்த தாய்க் கல்ச்சர் எல்லாம் கெட்டு, ஒரே பிளேட் மிஞ்சியது. அதுவும் சோம்பலாக வளர்ந்தது. அது செத்தால் ஷெட்டையே மூட வேண்டும், ஆறு பெண்களுக்கு வேலை போகும். யூவி விளக்கை ஒரு நிமிடம் காட்டினால் சூட்டிகையான ரகம் கிளம்பலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். நுண்ணுயிர் படித்த என் மகள், "வேண்டாம்ப்பா, செத்துரும்" என்றாள். நான் கேட்பேனா?

பிளேட்டைப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டதும் ரோஜாத் தோட்டக்காரர் ஒருவர் போன். விளக்கை அணை என்று சொல்லக் கூடாது, எங்கள் வீட்டு வழக்கம். கடை மூடுவதையும் விளக்கு அணைப்பதையும் ஹிந்தியில் மங்கலமாக 'படாவ்' என்பார்கள், நேர் அர்த்தம் 'அதிகமாக்கு'. என் ஹிந்தி அவ்வளவு சுத்தம்! ஷெட்டில் வேலை செய்யும் சுனந்தாவிடம், "பத்தி படாவ்" (பத்தி என்றால் விளக்கு) என்றுவிட்டு வெளியே போனேன். அவள் டைமரைக் கடைசிவரை திருகிவிட்டாள். அரை மணி நேரம்!

"சேட், நீங்கதானே படாவ்னு சொன்னீங்க? ஜாஸ்தி பண்ணேன்," என்றாள் ஹிந்தியில். அவள்மேல் என்ன குற்றம்?

பத்து நாள் பிளேட் வெறும் ஜெல்லியாகக் கிடந்தது. மகள், "தூக்கிப் போடுங்கப்பா" என்றாள். நான் போடவில்லை. பதினோராம் நாள் காலை, நம்பினால் நம்புங்கள், வெள்ளை நூல்! மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் புழுவே இல்லாத பிளேட்டில் வளையம் வளையமாகப் போட்டு, எல்லாம் வாய் திறந்து காத்திருந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சுனந்தா, உன் படாவ்தான் காப்பாத்துச்சு!" என்றேன்.

அத்தனை வளையமும் ஒரே நேரத்தில் இறுகியது. உள்ளே ஒன்றுமில்லை.

மகள் சிரித்தாள். "வைப்ரேஷன்ப்பா." அதிலிருந்து எடுத்து வளர்த்த பிளேட்டுகளின் முன்னால் கத்தினாள், போனில் பாட்டு வைத்தாள், 'படாவ்' என்று அவளும் சொன்னாள், சுனந்தாவும் சொன்னாள். ஒன்றும் அசையவில்லை. நான் சொன்னேன். இறுகியது. அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

இன்று தோட்டக்காரர்கள் அந்த ரகம்தான் வேண்டும் என்று வரிசையில் நிற்கிறார்கள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், கைராசி என்பேன். ஷெட்டைப் பூட்டும்போது மட்டும் 'பந்த் கரோ', மூடு என்றே சொல்கிறேன். 'படாவ்' என் வாயில் வருவதே இல்லை.

அப்படித்தான் நினைத்திருந்தேன். போன திங்கட்கிழமை காலை ஷெட்டைத் திறந்து பார்த்தால் எல்லா பிளேட்டிலும் வளையம் இறுகியிருந்தது. சனிக்கிழமை மாலை திறந்திருந்ததை நானே பார்த்துப் பூட்டியவன். சாவி என் இடுப்பில். முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அதை விடுங்க," என்றாள். "நேத்து மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தீங்களே, தூக்கத்துல படாவ், படாவ்னு எதுக்குப் பெனாத்துனீங்க?"