மஜ்ஜை கொடுத்த தம்பியும் காவடி எடுத்த மாமனும்

எலும்பு மஜ்ஜையை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குள் வரும் தொல்லை பாதி, வெளியே வந்தால் மீதி. பல் வைத்தியர் என்று சொல்லிப் பாருங்கள், யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் லேபில் இருந்தேன். மஜ்ஜைக்குள் ரத்தத்தை உண்டாக்கும் மூல அணுக்கள் இருக்கின்றன, ஸ்டெம் செல் என்பார்கள். அவற்றைச் சின்னக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கூட்டம் கூட்டமாகப் பெருகுகின்றனவா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணுவது என் வேலை. இதை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லி ஓய்ந்துபோன எவருக்கும் என் கஷ்டம் புரியும்.

ஸ்ட்ரா இலவசம்

பிரிக்பீல்ட்ஸில் நானும் என் வீட்டுக்காரரும் அடிக்கடி போகும் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. சூப் துலாங் அங்கே பேர்போனது. மாட்டெலும்பைச் சிவக்கச் சிவக்கக் குழம்பில் போட்டுத் தருவார்கள், உள்ளே இருக்கும் மஜ்ஜையை ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டும். என் வீட்டுக்காரர் வாய் சும்மா இருக்காது. "என் மனைவிக்கும் இதே வேலைதான் பாஸ், ஆனா மனுஷ எலும்பு" என்று கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கடைக்காரர் என்னைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. மஜ்ஜை கெட்டுப்போனவர்களுக்கு நல்ல மஜ்ஜையை ஏற்றுகிறோம், மற்றபடி சமைப்பதில்லை என்று நானும் பொறுமையாக விளக்கினேன். அவர் மேசையைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "எதுக்குக்கா ஏத்திக்கிட்டு? இங்க அனுப்புங்க, குடிக்கட்டும். ஸ்ட்ராவுக்கு நான் காசு வாங்க மாட்டேன்."

புவனா கேட்டது

புவனா கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். முப்பது வயது ஆகவில்லை, ரத்தப் புற்றுநோய். மருந்து கொடுத்து அடக்கியிருந்தார்கள், ஆனால் திரும்ப வரக்கூடிய நோய் அது. அது வருவதற்குள், ஒத்துப்போகிற ஒருவரின் மஜ்ஜையை அவளுக்கு ஏற்றியாக வேண்டும். எங்கள் பிரிவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. டாக்டருக்கே ஒவ்வொரு கேஸும் பரீட்சை மாதிரி.

முதல் நாள் ரத்தம் எடுக்கப் போனேன். அங்கே வந்தவர்கள் எல்லோரும் பிழைப்பேனா என்று கேட்பார்கள், இல்லையென்றால் கேட்க பயந்து உத்தரத்தைப் பார்ப்பார்கள். புவனா என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பதில் சொல்ல லேப்காரிக்கு அதிகாரம் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள்: "அடுத்த வருஷம் எம் மக ஒண்ணாம் வகுப்பு போறாக்கா. மொத நாளு ஸ்கூல் கேட்டு வரைக்கும் நாந்தான் கொண்டுபோய் விடணும். அதுக்கு மட்டும் முடியுமா, சொல்லுங்க."

வேன் நிறைய சொந்தம்

ஒத்துப்போகிற மஜ்ஜை கிடைக்கும் வாய்ப்பு கூடப் பிறந்தவர்களிடம்தான் அதிகம், அதுவும் நாலில் ஒன்று. ஆகவே தம்பி தனபாலனை மட்டும் அனுப்பச் சொல்லியிருந்தோம். கிள்ளானிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அத்தைகள், சித்தப்பாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் வந்தவர் புவனாவின் தாய்மாமன் வேலாயுதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், குரலும் அந்த உயரத்திலிருந்துதான் வரும்.

நம் வீடுகளில் தாய்மாமன் இல்லாமல் ஒரு காரியம் நடக்குமா? அவரை உட்கார வைத்து, தாய்மாமன் மஜ்ஜை ஒத்துப்போகாது அங்கிள் என்றேன். சரி, ரத்தமாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதுவும் ஆகாது. மாற்றுச் சிகிச்சைக்கு முன் சொந்தக்காரர் ரத்தம் ஏறினால், பிறகு தம்பியின் மஜ்ஜையை அவள் உடம்பு எதிரியாக நினைத்துத் தள்ளிவிடக்கூடும். இதைச் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. லேபில் உள்ளவர்களை எல்லாம் 'மிஸ்ஸி' என்றுதான் கூப்பிடுவார், நான் நர்ஸ் இல்லை என்று திருத்தி அலுத்துவிட்டேன். மடித்த சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அவளுக்குக் காது குத்துனப்ப எம் மடியிலதான் மிஸ்ஸி உக்கார வச்சாங்க. இப்ப அன்னியன் ரத்தம் ஆவும், எம் ரத்தம் ஆவாதா?"

விரதம்

தனபாலன் மஜ்ஜை ஒத்துப்போனது. அந்த ரிசல்ட்டை டாக்டரிடம் கொண்டுபோகும்போது நான் நடந்தேனா ஓடினேனா என்று ஞாபகமில்லை. தைப்பூசம் முடிந்து அடுத்த வாரம் என்று டாக்டர் நாள் குறித்தார். அதற்கு முன் தனபாலன் ஒருமுறை பரிசோதனைக்கு வந்தான். லோரி ஓட்டுகிறவன், வாட்டசாட்டமான ஆள். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய் வந்து நின்றான். ரத்தத்தைப் பார்த்தால், கொடுக்கிறவனுக்கே ஏற்ற வேண்டும் போலிருந்தது.

விசாரித்தால், அக்கா பிழைக்க வேண்டும் என்று பத்து மலை முருகன் கோயிலுக்கு வேண்டுதலாம். ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் சைவம், வெறும் தரையில் படுக்கை. பூசத்தன்று உடம்பெல்லாம் அலகு குத்திக் காவடி. காவடி எடுத்த அடுத்த வாரம், அத்தனை காயத்தோடு ஆபரேஷன் தியேட்டருக்குள் வருவான். காயத்தில் கிருமி ஒன்று தொற்றினால், புவனாவுக்குப் போட்ட நாள் தள்ளிப்போகும். தள்ளிப்போன நாளுக்குள் நோய் திரும்பினால், அப்புறம் நாளே கிடையாது. டாக்டர் இங்கிலீஷில் சொன்னார், மலாயில் சொன்னார். நான் தமிழில் கத்தினேன். "முருகன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்கா, மாத்த முடியாது" என்று அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். நானோ மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், காவடி விஷயத்தில் எனக்கு என்ன செல்வாக்கு?

வேறு வழியில்லாமல் மாமனுக்குப் போன் போட்டேன். அவர் அன்று மாலையே வந்தார். மருமகனை ஒன்றும் திட்டவில்லை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். அவர் கடைசியாகக் காவடி எடுத்தது கல்யாணத்துக்கு முன்னாலாம். அப்போது தொப்பை இருந்திருக்க முடியாது. எழுந்து நின்று, ஏதோ சீர்வரிசையைப் பிரித்துக் கொடுக்கிற மாதிரி தீர்ப்பு சொன்னார்: "இனிமே விரதம் எனக்கு, கறி மீனு அவனுக்கு. எலும்ப அவன் குடுக்கட்டும் மிஸ்ஸி. முதுக நான் குடுக்கிறேன்."

இவ்வளவுதானா

தைப்பூசம் வரை அந்த வீட்டில் மாமன் தயிர்ச் சோறு சாப்பிட, எதிரே மருமகன் ஈரல் வறுவல் சாப்பிட்டானாம். அவனுக்கு ரத்தம் ஊறிவிட்டது. மாமனும் காவடியோடு மலைப் படிகளை ஏறி இறங்கிவிட்டார், மறுநாள் நாற்காலியில் சாய முடியவில்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் புவனாவுக்குக் கடுமையான மருந்து கொடுத்து, அவளுடைய சொந்த மஜ்ஜையை அடியோடு அழித்தார்கள். இனி தம்பியின் மஜ்ஜை பிடித்தால்தான் அவள் இருப்பாள், பின்வாங்க வழி கிடையாது. தனபாலனை மயக்கத்தில் கவிழ்த்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்பில் திரும்பத் திரும்ப ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். அதில் ஒரு துளியை நான் என் தட்டுகளுக்கு வாங்கிக்கொண்டேன். மற்றது பையில் புவனாவின் அறைக்குப் போனது. அந்த அறையின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மாமன் நின்றிருந்தார். பெரிய மிஷின், பெரிய கத்தி என்று என்னென்னவோ எதிர்பார்த்திருக்கிறார் பாவம். சிவப்புப் பை ஒன்றைக் கம்பியில் தொங்கவிட்டு, சாதாரண ரத்தம் ஏற்றுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். பை காலியானதும் அவர் என் பக்கம் திரும்பினார்: "அவ்வளவுதானா? இதுக்கா அத்தன பேப்பருல கையெழுத்து வாங்குனீங்க?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கிருமி அண்டாத அறை அது. பூ கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது, திருநீறு கூடாது. வார்டைக் கட்டி ஆண்டவர் காக் சைத்தோன் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார நர்ஸ், காக் என்றால் அக்கா. தமிழ் நோயாளிகளிடம் பழகிப் பழகி நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். திருநீற்றுப் பொட்டலத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்த மாமனை வாசலிலேயே பிடித்துவிட்டார்.

மாமன் மனம் தளரவில்லை. புவனாவின் தலை தெரிகிற இடமாகப் பார்த்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் மூன்று பட்டை இழுத்தார், நடுவில் குங்குமமும் வைத்தார். வெளியேயிருந்து பார்த்தால் புவனா நெற்றியில் இட்ட மாதிரியே இருக்கும் என்று கணக்கு. காக் சைத்தோன் துடைக்கத் துணியை எடுத்து வந்தவர், உள்ளே புவனா கையெடுத்துக் கும்பிடுவதைப் பார்த்துவிட்டுத் துணியை மடித்துக்கொண்டார். போகிறபோக்கில் என்னிடம் சொன்னார்: "கண்ணாடிக்குச் சாமி கும்பிட ரூல்ஸ்ல தடை இல்ல லா, எஸ்தர்."

தட்டில் பிடித்தது

பிறகு காத்திருப்பு. ஒவ்வொரு காலையும் புவனாவின் ரத்தம் லேபுக்கு வரும். வெள்ளை அணு ஒன்றுகூட இருக்காது. ஸ்லைடில் வெற்று வெளியைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் வலித்தது, அதைவிட மனசு வலித்தது. மேலே வார்டில் அவளுக்குக் காய்ச்சல், வாயெல்லாம் புண், தண்ணீர் விழுங்க முடியவில்லை. மாமன் தினமும் வேலைக்கு ஏறுவதற்கு முன் துறைமுகத்திலிருந்து போன் செய்து, "பிடிச்சிருச்சா மிஸ்ஸி?" என்பார். இல்லை அங்கிள் என்று சொல்வதற்காகவே அந்தப் போனை எடுக்க எனக்குப் பிடிக்காது.

ஒருநாள் என் தட்டுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கொத்துக் கொத்தாக, திராட்சைக் குலை மாதிரி அணுக்கள். தனபாலனின் மஜ்ஜை உயிரோடு இருக்கிறது, வேலை செய்கிறது. தட்டில் பிடித்தால் உடம்பிலும் பிடிக்கும் என்று உறுதி கிடையாது, யாரிடமும் உளறாதே என்று டாக்டர் எச்சரித்தார். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். மறுநாள் போன் வந்ததும் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை, "தட்டுல பிடிச்சிருச்சு அங்கிள்" என்று உளறிவிட்டேன்.  மறுமுனையில் மாமன் சொன்னார்: "அப்ப எதுக்குக் காத்திருக்கீங்க? அந்தத் தட்டையும் சேத்து உள்ள ஊத்துங்க லா."

முதல் அணு

அடுத்த சில நாளில், வெறுமையாகவே இருந்த ஸ்லைடின் ஓரத்தில் ஒரு வெள்ளை அணு. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நம்பாமல் பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். அவர்களும் பார்த்தார்கள், இருந்தது. லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை, மாடிப்படியில் ஓடினேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. படியில் எதிரே வந்த டாக்டரும் என்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

கண்ணாடி ஓரம் இருந்த போனில் புவனாவிடம் சொன்னேன். தம்பி ரத்தம் உனக்குள் ஊற ஆரம்பித்துவிட்டது என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். ரொம்ப நாளாகப் பேசாத, புண்ணான வாயால் மெல்ல, தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் சாப்பிடலாமா என்று கேட்டாள், சம்பல் தூக்கலாக. அவள் பக்கத்தில் நின்ற காக் சைத்தோன் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே போனை வாங்கினார்: "எஸ்தர், ஆள் பிழைச்சிருச்சு. இனிமே நம்ம பாடுதான் கஷ்டம்."

சுருட்டை முடி

வீட்டுக்குப் போன சில மாதத்தில் புவனாவுக்குத் தலைமுடி திரும்ப வளர்ந்தது. முன்னால் அவளுக்கு நீட்டு முடி. இப்போது வந்தது சுருட்டை, அச்சு அசல் தனபாலன் முடி. கடும் மருந்துக்குப் பிறகு முடி இப்படிச் சுருண்டு வருவது உண்டு, மஜ்ஜைக்கும் முடிக்கும் சம்பந்தமே இல்லை என்று கிளினிக்கில் நான் படம் போட்டு விளக்கினேன். தனபாலன் வேறு, அக்காவுக்கு இனிமேல் சிகரெட்டும் கேட்குமோ என்று நிஜமாகவே பயந்துகொண்டிருந்தான். மாமன் புவனாவின் தலையையும் மருமகன் தலையையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். பிறகு என் படத்தை மரியாதையாக என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "நீங்க படிச்சவங்க மிஸ்ஸி, சொல்றது சரியாத்தான் இருக்கும். முடிக்குத்தான் அது தெரியல."

தாமதம்

புதுப் பள்ளி ஆண்டு தொடங்கிய அன்று புவனாவுக்குக் காலையில் கிளினிக் நாள். வழக்கமாக எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பவள், அன்று வரவில்லை. போன் போட்டால் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. காய்ச்சலா, வழியில் மயக்கமா என்று ஆளாளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டோம், சொல்லவில்லை. வெயில் ஏறிய பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேர்த்துப்போய், சுருட்டை முடி கலைந்து, குதிகால் செருப்பு வேறு.

காக் சைத்தோன் மூன்று மொழியில் திட்டினார். நானும் என் பங்குக்கு, எங்கே போய்த் தொலைந்தாய் என்று கேட்டேன். புவனா நாற்காலியில் உட்கார்ந்து, ரத்தம் எடுக்கத் தானாகவே கையை நீட்டினாள். கண் நிறைந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "ஸ்கூல் கேட்டுல நின்னுக்கிட்டே இருந்துட்டேன்கா," என்றாள். "அழுவா, திரும்பி ஓடியாருவான்னு பாத்தா, அவ பாட்டுக்குத் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டா."

எங்கள் தொழிலில் வேலை ஒழுங்காக முடிந்ததா என்று தெரிந்துகொள்ள மைக்ராஸ்கோப்பே வேண்டாம், நோயாளி எங்களை மறந்துவிட்டுத் தாமதமாக வந்தால் போதும்.