கண்ணில் ஒற்றிய கையுறை

மலேசியாவில் ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் எங்களுக்கு அடுத்த வீட்டு அக்கா, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். அவருக்குக் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள், என் ஆராய்ச்சிக்காக ரத்தம் கேட்டேன். ஊசி என்றாலே முகம் வெளுக்கும் ஆள், எனக்காகக் கையை நீட்டினார். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வெள்ளணுக்களில் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று நான் பார்க்க வேண்டும். இப்போது அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இனி அந்த ரத்தம் கிடைக்காது.

மரபணு வேலை செய்ததற்குச் சாட்சி ஆர்.என்.ஏ. தான். கிருமி பரவாதிருக்கச் செல்களை ஃபார்மலினில் போட்டு, சாயம் ஏற்றி, வேண்டிய வகையை மட்டும் இயந்திரத்தில் பிரித்தெடுத்தேன். ஃபார்மலின் எல்லாவற்றையும் பசை போட்டதுபோல் ஒட்டிவிடும். புரதத்தைக் கரைத்து, சூடாக்கி, ஆர்.என்.ஏ.வை மெல்ல விடுவிக்க வேண்டும். விடுபட்டபின் அதற்குக் காவல் இல்லை. நம் தோலில், வியர்வையில் இருக்கும் நொதி பட்டாலே துண்டு துண்டாகிவிடும். என் சொந்த ரத்தத்தில் இரண்டு முறை பழகித்தான் துணிந்தேன். ஆனாலும் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் படி. வடிகட்டியில் தங்கிய ஆர்.என்.ஏ.வை ஒரு துளி நீரில் இறக்கிப் புதுக் குழாயில் பிடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதைத் தொடங்கினாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ரப்பர் மரம் சீவிய காலத்தில் அப்பா முதல் மரத்தை ஒற்றிக்கொள்வார். நான் பரீட்சைத் தாளை, கார் ஸ்டீயரிங்கை. அன்றும் பயத்தில் அந்தக் குழாயைத் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டேன், கையுறையோடு. அதே விரலால் மூடியைத் திறந்தபோது விரல் உள்விளிம்பில் பட்டது. துளி இறங்கிய பிறகுதான் உறைத்தது, கண்ணிமைத் தோலில் பட்ட கையுறை அது என்று.

மறுநாள் காலை அளவுக் கருவியின் திரையில் உருப்படியான நீளத்தில் ஆர்.என்.ஏ. ஒன்றுகூட இல்லை. எல்லாம் பொடி. என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை படித்து என்ன கிழித்தேன்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா, என் ரத்தத்துல என்ன தெரிஞ்சிச்சு?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து முடியவில்லை. கண்ணில் ஒற்றியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா, ஊசி குத்திய இடத்தைத் தடவிக்கொண்டார்.

"பரவால்லலா, விடு. அடுத்த காய்ச்சல் வந்தா சொல்லி அனுப்புறேன். அப்பவாச்சும் கும்பிடாம எடு."